பொட்டு விட்ட வேலி

லின்ட்சேக்கு வடக்கே
நவம்பர் 3

அன்புத் தங்கச்சி யோகராணிக்கு, அண்ணன் இராஜரட்ணம் சொல்ல, மகள் தனுஷிகா எழுதுவது. இங்கே எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. உன் காது எப்படி, முழங்கால் எப்படி? மோர்னிங்சைட் ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்துத்தானே கடக்கிறாய்?

உனக்குப் போன் எடுத்துக் களைத்துவிட்டேன். நான் இங்கே கத்த, உன் காது மெசின் அங்கே விசிலடிக்க, கடைசியில் இரண்டு பேரும் "ஓம், ஓம்" என்று சொல்லி வைத்துவிடுகிறோம். போனமுறை ஆடு பங்குனியில் குட்டி போடப்போகிறது என்று சொன்னேன். நீ "பாவம், எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டாய். இனிக் கடிதம்தான். எனக்கு எழுத்துத் தெரியாது என்பது நீ அறியாததா? நான் சொல்வேன், இவள் எழுதுவாள். நீ எழுதுவதை இவள் வாசிப்பாள். நான் "வரேல்லை" என்றால் இவள் "வரவில்லை" என்று திருத்துகிறாள். ஸ்காபரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படிப்பித்தவள் அல்லவா. திருத்தட்டும்.

இங்கே மறுபடியும் காற்றுத் தொடங்கிவிட்டது. வீட்டுக்கு மேற்கே ஒரு மரம் கிடையாது. சோளம் வெட்டிய வயல், அதற்கப்பால் இன்னொரு சோளம் வெட்டிய வயல். மேல்காற்று வழியில் ஒருவரையும் சந்திக்காமல் நேரே எங்கள் வீட்டுக்கு வருகிறது. "ராத்திரி முழுக்கக் கச்சான், நித்திரையில்லை எண்டு எழுது" என்றேன். இவள் பேனையை நிறுத்தி, "பல்லில்லாமல் ஏனப்பா கச்சான் சாப்பிட்டனீங்கள்?" என்று கேட்கிறாள். இவளுக்குத் தெரிந்த கச்சான் கடையில் வறுத்து விற்கிற கடலை மட்டும்தான். மேற்கிலிருந்து வருகிற காற்றுக்கும் அதுதான் பெயர் என்று விளங்கப்படுத்திய பிறகே எழுதினாள்.

யூனியன்வில்லிலிருந்து மகன் றமேஸ் வந்து போனான். நீ இருக்கிற முதியோர் மாடிக் கட்டடத்தில் எனக்கும் ஓர் இடம் கேட்டிருக்கிறானாம். "எழுவத்தெட்டு வயசில காட்டுக்குள்ள காத்துக் குடிச்சுக்கொண்டு இருக்கப்போறியளோ?" என்றான். ஓம் என்றேன். மருமகன் சிவரூபன் ட்ரக் ஓடி மேற்கே போயிருக்கிறார். தனு லின்ட்சே முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போகிறாள். ஆடுகளுக்கு யார் தண்ணீர் வைப்பது? காற்று வந்தால் வேலி அடைக்க வேண்டியதுதான். அதற்காக வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடுகிறதா?

உன் பதிலைப் பார்த்திருக்கும்,
அண்ணன்

மோர்னிங்சைட்
நவம்பர் 14

என் அன்பு அண்ணைக்கு, யோகராணி வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் இருக்கிறது, காது இல்லை. மற்றப்படி சுகம். விசிலடித்தது என் மெசின் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் காற்றாகவும் இருக்கலாம்.

எனக்கும் ஒன்பதாம் மாடியில் காற்று இருக்கிறது அண்ணை. போன கிழமை பல்கனிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. யாருடைய தலையில் விழுந்தது என்று இன்னும் ஒருவரும் வந்து சொல்லவில்லை. ஆனால் இங்கே காற்று என்றால் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டுத் தேத்தண்ணி குடிக்கலாம். நீங்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு ஆட்டுக் கொட்டிலுக்குப் போக வேண்டும்.

றமேஸ் சொன்ன இடம் வேறெங்கும் இல்லை, என் பக்கத்துக் கதவுதான். அங்கே இருக்கிற சீனத்து அம்மா மகளோடு போய் இருக்கப்போகிறா. நான் ஒன்றும் வற்புறுத்தவில்லை. கதவு பக்கத்தில் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

உங்கள் மருமகன் வீடு வந்து சேர்ந்தாரா? ஸ்னோவுக்குள் மேற்கே ட்ரக் ஓடுவது லேசில்லையாம். தனுவுக்கு என் அன்பு. கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன். பெட்டிக்குள் வைத்துப் பார்க்காமல் காலில் போடவும்.

என்றும் உங்கள்
தங்கச்சி

லின்ட்சேக்கு வடக்கே
நவம்பர் 27

அன்புத் தங்கச்சிக்கு, காலுறை கிடைத்தது. இப்போது என் காலில்தான் இருக்கிறது. நான் சுகம், தனு சுகம், ஆடுகளும் சுகம்.

வேலி அடைத்து முடித்தேன். இங்கே தென்னோலைக் கிடுகு ஏது? கொட்டிலுக்குப் பின்னால் கிடந்த பலட் பலகைகளைக் கழற்றினேன். பழைய கதவுகள் இரண்டு கிடைத்தன. இடைவெளிக்கெல்லாம் தறப்பாளை மடித்து வைத்து ஆணி அடித்தேன். கொட்டிலுக்கு மேற்குப் பக்கம், சுவரை ஒட்டினாற்போல், வீட்டுக்கு வருகிற பாதை வரைக்கும் ஒரே அடைப்பு. நான் அடைத்த வேலியில் ஒரு பொட்டு இருக்காது என்று உனக்குத் தெரியும். ஒரு கோழிக்குஞ்சு நுழைகிற துவாரம்கூட இல்லை. இந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று அந்தப் பக்கத்தவனுக்குத் தெரியக்கூடாது. வேலி என்றால் அதுதான்.

அடுத்த காணிக்காரன் அன்ட்ரூ டிராக்டரை நிறுத்தி நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். வைக்கோல் விற்கிறவன், என்னைவிட ஒன்றிரண்டு வயது குறைவாக இருக்கும். என்னவோ சொன்னான். தனுவைக் கேட்டேன். "இவ்வளவு நல்ல வேலியைத் தான் இந்தப் பக்கத்தில காணேல்லையாம்" என்றாள். தலையை ஆட்டிக்கொண்டு போனான். அவர்கள் புகழும்போதும் தலையை அப்படித்தான் ஆட்டுவார்களாக்கும்.

இப்போது கொட்டில் வாசலில் நின்று சுருட்டுப் பற்ற வைக்கலாம். தனு முறைக்கிறாள். எழுது என்றேன், எழுதிவிட்டாள்.

உன் கதிரை விழுந்த தலையைப் பற்றித் தகவல் வந்தால் அறிவிக்கவும்.

அண்ணன்

மோர்னிங்சைட்
டிசம்பர் 7

அன்பு அண்ணைக்கு, நான் சுகம். கதிரை கீழே கார் நிறுத்துமிடத்தில் கிடந்ததாம். கட்டடம் பார்க்கிற மாக்கஸ் கொண்டுவந்து தந்தான். ஒரு கால் இல்லை. கதிரைக்கு.

அண்ணை, நீங்கள் ஆடுகளின் சுகம்வரைக்கும் எழுதியிருந்தீர்கள். மருமகனின் சுகம் எழுதவில்லை. நான் கேட்டதற்கும் பதில் இல்லை. மறந்து விட்டது என்று சொல்லாதீர்கள். என் கலியாணத்துக்கு யார் யார் மத்தியானச் சாப்பாட்டுக்கு நிற்காமல் போனார்கள் என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்லுகிற ஆள் நீங்கள்.

இதையும் எழுதாமல் விட முடியவில்லை. சிவரூபனை மார்க்கம் நகரத்தில் ஒரு மரக்கறிக் கடையில் கண்டதாகக் கோயிலில் ஒருவர் சொன்னார். ட்ரக் மேற்கே போனால் ஆள் எப்படி மார்க்கத்தில் முருங்கைக்காய் வாங்குவார்? ஆளை மாறிக் கண்டிருக்கலாம். அப்படியென்றால் அதை எனக்கு எழுதுங்கள்.

பக்கத்து வீட்டு அம்மா பெட்டி கட்டத் தொடங்கிவிட்டா.

தங்கச்சி

லின்ட்சேக்கு வடக்கே
டிசம்பர் 21

அன்புத் தங்கச்சிக்கு, நான் சுகம். தனுவுக்குக் கைகள் கொப்பளித்திருக்கின்றன, மற்றப்படி சுகம். ஏன் கொப்பளித்தன என்று சொல்கிறேன், சிரிக்காதே.

புயல் வந்தது. நம்முடைய அறுபத்துநாலாம் ஆண்டுச் சூறாவளி நினைவிருக்கிறதா? அது வந்தது, அடித்தது, போனது. இது வந்து இருந்துவிடுகிறது. முற்றம் எது, ஆகாயம் எது என்று தெரியாத வெள்ளை. கரண்டும் போய்விட்டது. காற்று ஓய்ந்த பிறகு கதவைத் திறந்தால் கொட்டிலைக் காணவில்லை. என் வேலி அப்படியே நிற்கிறது. ஒரு பலகை அசையவில்லை. ஆனால் வயலில் கிடந்த ஸ்னோ முழுவதும் வேலியைத் தாண்டி வந்து கொட்டில் வாசலிலும் பாதையிலும் கூரை உயரத்துக்கு ஏறி இருக்கிறது. வேலி இல்லாத அன்ட்ரூவின் பாதை துடைத்து விட்டாற்போல் கிடக்கிறது.

தனு கொட்டில் யன்னலை உடைத்து உள்ளே குதித்தாள். நான் வெளியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் கொடுத்தேன். ஆடுகள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். பிறகு பாதையை வெட்டினோம். வெட்டினோம், வெட்டினோம். மிச்சத்தை அன்ட்ரூ டிராக்டரால் ஊதித் தள்ளினான். தள்ளி முடித்து வந்து சொன்னதைத் தனு தமிழில் சொன்னாள். இறுக்கி அடைத்தால் காற்று மேலாலே ஏறி, தூக்கிக்கொண்டு வந்ததையெல்லாம் வேலிக்கு இந்தப் பக்கம் போட்டுவிடுமாம். வேலியைத் தள்ளி வயலுக்குள் போடவேணுமாம். பலகைக்குப் பலகை இடைவெளி விடவேணுமாம். "பாதி காத்தைப் போக விடோணுமாம் அப்பா."

பொட்டு விட்ட வேலி. அதைவிட வேலி இல்லாமலே இருக்கலாம் என்று நான் சொன்னேன். தனு அதை அவனுக்குச் சொல்லவில்லை.

செய்தி எப்படியோ றமேஸுக்குப் போய்விட்டது. என்னை ஏற்றிப்போக ஜனவரியில் வான் வண்டி கொண்டு வரப்போகிறானாம். வரட்டும். வானில் இடம் இருந்தால் கொஞ்ச ஸ்னோவை ஏற்றி விடுகிறேன்.

அண்ணன்

மாமி, இனி எழுதுவது நான். அப்பாவுக்கு இதை வாசித்துக் காட்டமாட்டேன். தயவு செய்து என் வீட்டுக்காரரைப் பற்றிக் கடிதத்தில் கேட்காதீர்கள். நான்தானே வாசிக்க வேண்டும். போனமுறை அந்தப் பகுதியை விட்டுவிட்டு வாசித்தேன். கடையில் கண்டது அவரைத்தான். செப்டம்பரிலேயே போய்விட்டார். இந்தக் காணி வேண்டும், ஆடு வேண்டும் என்று என்னை ஸ்காபரோவிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தவர் அவர். முதல் காற்றிலேயே, பூட்டிப்போட்டுத் தன் தாய் வீட்டுக்கு வா என்றார். நான் வரவில்லை என்றேன். அப்பாவுக்குத் தெரியாது. ட்ரக்கில் போயிருக்கிறார் என்றுதான் சொல்லியிருக்கிறேன். தெரிந்தால் தாங்கமாட்டார். – தனு

மோர்னிங்சைட்
ஜனவரி 5

அன்பு அண்ணைக்கு, புது வருசத்தில் நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். வேலிக் கதையைப் படித்து, உள்ளதைச் சொல்கிறேன், சிரித்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் சிரித்தேன். உங்கள் வேலிக்குள்ளால் ஒருவரும் எட்டிப் பார்க்க முடியாது என்று ஊரே சொல்லும். ஸ்னோவுக்கு அது தெரியாது போலிருக்கிறது.

பக்கத்துக் கதவு அம்மா விடைபெற வந்தா. எனக்கு ஒரு பூச்சட்டி தந்துவிட்டுப் போனா. சுவர் மெல்லியது அண்ணை. அவ தும்மினால் எனக்கு முன்பு கேட்கும், காது இருந்த காலத்தில்.

தனு, இந்தப் பகுதி உனக்கு. சத்தமாக வாசிக்காதே. றமேஸ் வந்து என் காதுக்குள் கத்திவிட்டுப் போனான். அவனும் சிவரூபனும் கதைத்திருக்கிறார்கள். "அப்பாவைக் கிளப்பினால் சரி மாமி, அவள் தானாப் பின்னால வருவாள். தனியப் பொம்பிளை அங்கை எத்தினை நாளைக்கு இருப்பாள்?" என்றான். அவன் கெட்டவன் இல்லை. பயந்தவன். நீ அந்த மனிதரிடம் திரும்பிப் போக வேண்டுமென்றால் போ, வேண்டாமென்றால் இரு. ஆனால் உன் அப்பா அங்கிருந்து எழும்பினால் அந்த வீடும் எழும்பிவிடும் என்பதைத் தெரிந்துகொள். இதை ஏன் அவரிடம் மறைக்கிறாய்? சூறாவளியில் கூரை போனபோது எங்கள் அம்மாவுக்கே தைரியம் சொன்ன ஆள்.

இனி வாசிக்கலாம். அண்ணை, சுருட்டை விடுங்கள்.

தங்கச்சி

லின்ட்சேக்கு வடக்கே
ஜனவரி 19

அன்புத் தங்கச்சிக்கு, நான் சுகம். தனுவின் கை ஆறிவிட்டது.

வேலியைப் பிரித்தேன். வயல் ஓரத்தில் அன்ட்ரூவின் பழைய இரும்புக் கம்பங்கள் நின்றன. பலகைகளை அதில் கட்டினோம், ஒன்று விட்டு ஒன்று. கட்டும்போது அந்தப் பக்கம் நின்ற அன்ட்ரூவின் முகம் முழுக்கத் தெரிந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அவன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். பிறகு இரண்டு புயல் வந்தன. ஸ்னோ வயலுக்குள்ளேயே விழுந்து கிடக்கிறது. அவன் சொன்னது சரி. இதை இரண்டாம் தரம் எழுதமாட்டேன்.

றமேஸ் வானோடு வந்தான். உடுப்பை எடுத்து வைக்கச் சொன்னான். ஆட்டுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கொட்டிலுக்குள் போய், உள்ளே கொளுவியைப் போட்டுக்கொண்டு இருந்தேன். நெடுநேரம் தட்டினான். "அப்பா, சின்னப்பிள்ளை மாதிரிச் செய்யாதேங்கோ" என்றான். "உனக்கு அப்பன் நான், நீ கத்துறதுக்கெல்லாம் திறக்கேலாது" என்றேன். குளிர் தாங்காமல் போய்விட்டான். மாசியில் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

இனி நான் சொல்வதை ஓர் எழுத்தும் திருத்தாமல் எழுத வேண்டும் என்று இவளிடம் சொல்லியிருக்கிறேன்.

தங்கச்சி, நீ எழுதின போன கடிதம் ரெண்டு பக்கம். இவள் வாசிச்சது ஒரு பக்கத்துக்கும் காணாது. எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் வாசிக்கிற ஆளின்ர கண் எங்கை ஓடுது எண்டு தெரியும். சத்தம் நிண்டுது, கண் ஓடினது. அப்ப அதில என்ன இருந்தது எண்டு எனக்கு ஆரும் சொல்லத் தேவையில்லை.

சிவரூபன் ட்ரக்கில போகேல்லை. கொட்டில் தகரம் காத்தில பறந்ததுக்கு அடுத்த நாள் போனவர், ஞாயிற்றுக்கிழமை. சாமித்தட்டில இருந்த தன்ர தாயின்ர படத்தைச் சேட்டுக்குள்ள சுத்தி எடுத்துக்கொண்டு போனவர். ட்ரக் ஓடப் போறவனுக்குத் தாயின்ர படம் என்னத்துக்கு? படம் இருந்த இடத்தில தூசி இல்லாமல் ஒரு சதுரம் இருந்தது. அண்டைக்குப் பின்னேரமே அதில விபூதிக் கிண்ணத்தை இழுத்து வச்சனீ. ஞாயிறுகளில குசினிக்குள்ள நிண்டு "சாப்பிட்டியளோ, ரோட்டு எப்பிடி" எண்டு போனில கதைச்சனீ. போனில வெளிச்சம் இருக்கேல்லை.

(மாமி, இந்த "நீ" நீங்கள் இல்லை, நான். "ஏன் நிப்பாட்டினாய், எழுது" என்கிறார். எழுதுகிறேன். – தனு)

நான் ஏன் கேக்கேல்லை எண்டால், நீ சொல்லேல்லை. நீ சொல்லாததை நான் கேட்டால் நீ பொய் சொல்லோணும். நாலு மாசமாப் பொய் சொல்லிக் களைச்சுப்போன பிள்ளையை இன்னும் ஒண்டு சொல்ல வைக்கிறதோ? ஆனால் இப்ப மாசியில ஆக்கள் வருகினம். அதுக்கு முதல் இது எழுத்தில வரோணும். நான் போனால் உன்னைத் தனியப் பொம்பிளை எண்டுவினம். நான் இருந்தால் தேப்பனோட இருக்கிறாள் எண்டுவினம். இந்த வீட்டில எனக்கு வேலை அவ்வளவுதான். இருக்கிறது. அதை நான் நல்லாச் செய்வன். அவர் வரமாட்டார் எண்டு எழுது.

எழுது.

அவர் வரமாட்டார்.

தங்கச்சி, இவள் அழுகிறாள். அழவில்லை என்று எழுதுவேன் என்கிறாள். கையெழுத்து இவளுடையது, என்னத்தையும் எழுதட்டும்.

அண்ணன்

மோர்னிங்சைட்
பெப்ரவரி 1

அன்பு அண்ணைக்கும் தனுவுக்கும், யோகராணி எழுதுவது. இனி ஒரே கடிதம், இரண்டு பெயர். ஒன்றையும் விடாமல் வாசிக்கவும்.

உங்கள் கடிதத்தை நான் இன்னும் மேசையிலிருந்து எடுக்கவில்லை. அதைப் பற்றி எழுதத் தெரியவில்லை. எழுதத் தெரிந்தது இதுதான்: றமேஸ் மறுபடியும் வந்தான். சிவரூபனும் அவருடைய தாய்மாமன் ஸ்ரீஸ்கந்தராசாவும் சேர்ந்து வந்தார்கள். அங்கே போகமுதல் என் வாயால் ஒரு சொல் வேண்டுமாம். பெரியவர் நியாயம் பேசத் தொடங்கினார். நான் காது மெசினைக் கழற்றிக் கிண்ணத்துக்குள் வைத்துவிட்டு அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வடிவாக அசைந்தது. முடிந்ததும் தேத்தண்ணி கொடுத்தேன். "என்னம்மா சொல்லுறியள்?" என்று கையால் கேட்டார். "சீனி காணுமோ?" என்று கேட்டேன்.

பதினாறாம் தேதி ஞாயிறு அங்கே வருகிறார்கள். அண்ணை, கொளுவியைப் போட்டுக்கொண்டு கொட்டிலுக்குள் இருக்க வேண்டாம். வீட்டுக்குள் இருங்கள். ஆனால் நீங்கள் பேச வேண்டாம். அவள் பேசட்டும்.

தனு, நன்றாகச் சாப்பிட்டுவிட்டு இரு. பசியோடு பேசினால் குரல் நடுங்கும்.

உங்கள்
யோகராணி

லின்ட்சேக்கு வடக்கே
பெப்ரவரி 17

அன்புத் தங்கச்சிக்கு, நாங்கள் இருவரும் சுகம். முதலில் சுகத்தை எழுதிவிட்டேன், இனி நீ பயப்படாமல் படிக்கலாம்.

நேற்று வந்தார்கள். வரும்போது வெயில். கதவு சாத்தமுதலே காற்றும் பின்னாலே வந்துவிட்டது. ஸ்ரீஸ்கந்தராசா கதிரையில் இருந்து, எங்கள் சனம், எங்கள் மானம், நாலு பேர் என்ன சொல்லுவினம் என்று நீளமாகச் சொன்னார். நான் வாய் திறக்கவில்லை. நீ சொன்னபடி. கட்டுப் பல்லால் நாக்கைக் கடித்துக்கொண்டிருந்ததில் இன்றைக்கும் உறைப்புச் சாப்பிட முடியவில்லை. ஒவ்வொரு முறை காற்று வீட்டை இடிக்கும்போதும் சிவரூபன் கூரையைப் பார்த்தார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. பயம் ஒரு குற்றம் இல்லை. தான் பயந்ததற்கு இவள் வீட்டைப் பூட்ட வேண்டும் என்பதுதான் குற்றம்.

கடைசியில் அவரே பேசினார். "தனு, இது மனிசர் இருக்கிற இடமில்லை" என்றார்.

"நான் இருக்கிறன்" என்றாள் இவள்.

ஸ்ரீஸ்கந்தராசா இருமினார். இவள் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "நீங்களும் இருக்கலாம். இருக்க வேண்டாம் எண்டு நான் ஒருநாளும் சொல்லேல்லை. ஆனால் நான் வரமாட்டன். உங்கட அம்மா வீட்டுக்கும் இல்லை, றமேஸ் அண்ணை வீட்டுப் பேஸ்மென்ருக்கும் இல்லை. பங்குனியில குட்டி வரும். அதுக்குப் பிறகும் வரமாட்டன். இதை இனி ஆரும் எனக்காக வேறை மாதிரிச் சொல்ல வேண்டாம்."

குரல் நடுங்கவில்லை. முதல் நாள் இரவு இரண்டு முட்டை பொரித்துக் கொடுத்திருந்தேன்.

சிவரூபன் எழும்பினார். றமேஸ் என்னைப் பார்த்து, "நீங்களாவது வாங்கோவன் அப்பா" என்றான். அப்போதுதான் எனக்குப் பேச இடம் கிடைத்தது. "இடம் இல்லை மோனை, காரில நாலு பேராயிடும்" என்றேன்.

போக வெளிக்கிட்டால் கார் போகவில்லை. ரோட்டிலிருந்து திரும்புகிற இடத்தில் கழுத்தளவு புதைந்துவிட்டது. எங்களைக் கொண்டுபோக வந்தவர்களைக் கொண்டுபோய்விட நாங்கள் சவளோடு நின்று வழி வெட்டினோம். ஸ்ரீஸ்கந்தராசா மெல்லிய தோல் சப்பாத்தோடு நின்று, இந்தக் குளிருக்குத் தன் தலைமுறையில் ஒருவரும் பிறக்கவில்லை என்றார். றமேஸ் வெட்டினான். நன்றாக வெட்டினான், அதைச் சொல்லத்தான் வேண்டும். கடைசியில் அன்ட்ரூ சங்கிலி போட்டு இழுத்துவிட்டான். றமேஸ் கார்க் கண்ணாடியை இறக்கித் தன் தங்கச்சியிடம், "சவள் உடைஞ்சு கிடக்கு, நல்லதா ஒண்டு வாங்கி அனுப்புறன்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். எனக்கு அது காணும்.

தங்கச்சி, இனி உன் சங்கதி. பக்கத்துக் கதவைப் பற்றி மூன்று கடிதங்களில் எழுதினாய். நாலாவதில் ஒரு சொல் இல்லை. இவளை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னேன், இல்லை. நீ எழுதாததும் எனக்குக் கேட்கும். உனக்கு அங்கே தனிமை என்றால் சொல். மறைக்காதே. இவளுடைய சொல்லை இனி இவளே சொல்லுவாள், எனக்கு இங்கே முந்திய அளவு வேலை இல்லை. நீ வா என்றால் குட்டிகள் வந்த பிறகு வருவேன். றமேஸ் கேட்டால் வரமாட்டேன், நீ கேட்டால் வருவேன்.

அண்ணன்

மோர்னிங்சைட்
மார்ச் 4

என் அன்பு அண்ணைக்கும் என் தனுவுக்கும், யோகராணி எழுதுவது. முழங்கால் இந்தக் கிழமை பரவாயில்லை. இங்கே இன்னும் ஸ்னோ கொட்டுகிறது. அங்கே எப்படி என்று கேட்கத் தேவையில்லை. குட்டிகள் வந்தால் எத்தனை கிடாய், எத்தனை மறி என்று எழுதவும். ஆஸ்பத்திரி எது என்று கேட்கமாட்டேன்.

உங்கள் கடிதம் வந்து பத்துப் பதினைந்து நாளாகிறது. உடனே பதில் எழுத உட்கார்ந்து, எழுதி, கிழித்தேன். அதில் எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை என்று எழுதியிருந்தேன். நாலு மாதம் பொய் சொன்ன பிள்ளைக்குப் புத்தி சொல்லிவிட்டு நானே ஒன்று எழுதி அனுப்புவதா என்று கிழித்தேன்.

தனிமைதான் அண்ணை. பின்னேரம் ஆனால் தனிமைதான். பக்கத்துக் கதவு திறக்குமா என்று கொஞ்ச நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கத்தான் முடியும், திறக்கிற சத்தம் எனக்குக் கேட்கப்போவதில்லையே. நீங்கள் வந்தால் இரண்டு கிழவர்கள் சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்து தட்டிக்கொண்டிருப்போம். அதுவும் எனக்குப் பிடிக்கும். மறைக்கவில்லை, எழுதிவிட்டேன்.

ஆனால் உங்களுக்கு அங்கே வேலை இல்லை என்று எழுதினீர்கள். அதைப் படித்துத்தான் எனக்குக் கோபம் வந்தது. அவள் வாய் திறந்து பேசிவிட்டாள் என்றால் உங்கள் வேலை முடிந்துவிட்டதா? பேசிவிட்ட ஆளுக்குத்தான் அடுத்த நாள் காலையில் வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும்.

நேற்று மாக்கஸ் வந்தான். பக்கத்து வீடு பெயின்ற் பூசி முடிந்துவிட்டது, ஏப்ரலில் உங்கள் அண்ணன் வரலாம், பூட்டுத் திறப்புத் தன் பையில் இருக்கிறது என்று சொன்னான். மெசினைப் போட்டுக்கொண்டுதான் கேட்டேன். ஒரு சொல்லும் தவறவில்லை. "அண்ணை வரமாட்டார், வேறை ஆருக்கும் குடு" என்று எனக்குத் தெரிந்த இங்கிலிசில் சொன்னேன். அவனுக்கு நம்ப முடியவில்லை. எத்தனை பேர் வருசக்கணக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்கள், ஒரு காரணம் வேண்டாமா, மேலிடத்தில் நான் என்னத்தைச் சொல்லுவது என்று கேட்டான்.

அங்கே காற்று நன்றாக இருக்கிறதாம் என்று சொன்னேன்.

தனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று திரும்பவும் கேட்டான். நானும் திரும்பச் சொன்னேன், கொஞ்சம் சத்தமாக.

தங்கச்சி